தையில் பூத்த கொன்றை



சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கை நிறைய மஞ்சள் பூங்கொத்துடன் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தான். பார்த்தால் சரக்கொன்றை! "சார், இது சித்திரையில்தானே பூக்கும்? எங்கள் தெரு முனையில் இப்போதே பூத்திருக்கிறது" என்றான். வகுப்பு முழுவதும் மேசையைச் சூழ்ந்துகொண்டது. "இந்த வருஷம் மார்கழியில் பனியே இல்லை சார். எங்கள் தாத்தா மங்கி குல்லாவை வெளியிலேயே எடுக்கவில்லை" என்றாள் ஒரு மாணவி. "பூமி சூடாகிவிட்டது, அதனால்தான்" என்று பின்வரிசையிலிருந்து தீர்ப்பே வந்துவிட்டது.

நான் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். 'இந்த ஆண்டு குளிர் குறைவு.' 'கொன்றை முந்திப் பூத்தது.' இரண்டும் உண்மைதான். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில் 'ஆகவே' என்று ஒரு சொல்லைச் செருகலாமா? இந்தக் கட்டுரையில் உங்களோடு நான் வாதாட விரும்புவது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அன்று மாலையே நான்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்த மரத்தைப் பார்க்கப் போனேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் தெருக்களில் ஒன்று அது. மரம் பாதிதான் பூத்திருந்தது. சாலைப் பக்கம் நீண்ட கிளைகளில் இலை அநேகமாக இல்லை; சரம் சரமாகப் பூ. வீட்டுப் பக்கக் கிளைகளிலோ பச்சை இலை அடர்ந்திருந்தது. ஒரு பூ கூட இல்லை. மரத்தடியில் மண் நீளவாக்கில் உள்வாங்கிக் கிடந்தது. பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாள் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு முன்னாடியே தோண்டினாங்க சார். கை தண்டி வேரையெல்லாம் வெட்டித்தான் குழாய் போட்டாங்க." தோண்டியது யார் என்பது இங்கே நமக்கு வேண்டாம். குழாய் வேண்டியதுதான்; வேரும் வேண்டியதுதான்.

பிறகு இரண்டு தெரு தள்ளிப் போனோம். அங்கே வரிசையாக மூன்று கொன்றைகள். மூன்றிலும் பழைய கறுப்புக் காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பூ இல்லை, மொட்டும் இல்லை. அதே மார்கழி, அதே காற்று, அதே வெயில். குளிர் குறைந்தது அந்தத் தெரு முனை மரத்துக்கு மட்டுமா?

அந்த மாணவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பெரிய செய்தி என்று கொண்டுவந்தது ஒரு பள்ளத்தில் போய் முடிகிறதே என்று நினைத்தான் போலும். முடியவில்லை, அப்போதுதான் தொடங்கியது என்றேன். வேரை வெட்டியதால்தான் பூத்தது என்று எழுதிவிட்டால், ஒரு 'ஆகவே'யை எடுத்துவிட்டு இன்னொரு 'ஆகவே'யைப் போட்டதுதானே ஆகும்?

இப்போது உங்களை வெகு தூரம் அழைத்துப் போகிறேன். 'குளிர் குறைந்தால் மரம் முந்திப் பூக்கும்' என்ற செய்தி எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

ஜப்பானில் கியோட்டோ என்ற பழைய தலைநகரம் இருக்கிறது. வசந்த காலத்தில் செர்ரி மரங்கள் பூக்கும்போது அதைப் பார்ப்பதற்கென்றே விருந்து வைப்பது அங்கே வழக்கம். எந்த நாளில் விருந்து நடந்தது, பூ எப்படி இருந்தது என்று அரசர்களும் பிரபுக்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். விஞ்ஞானத்துக்காக எழுதவில்லை, ஆசையால் எழுதினார்கள். யசுயுகி அவோனோ என்ற விஞ்ஞானி இந்தக் குறிப்புகளையெல்லாம் தேடித் தொகுத்தார். கி.பி. 812 முதல் கணக்குக் கிடைத்தது. நடுவில் சில ஆண்டுகள் விடுபட்டிருந்தாலும், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு நீளும் பூக்கணக்கு அது! ஏப்ரல் நடுவில் முழுமையாகப் பூத்துக்கொண்டிருந்த மரங்கள் 2021-இல் மார்ச் 26 அன்றே பூத்துவிட்டன. இதற்கு முன் மிக முந்திய நாள் 1409-ஆம் ஆண்டின் மார்ச் 27. மனிதன் காற்றில் சேர்த்த கரியமில வாயுவும், நகரம் வளர்ந்ததால் உண்டான சூடும் சேர்ந்து கியோட்டோவின் பூக்காலத்தைச் சுமார் 11 நாள் முன்னுக்குத் தள்ளியிருக்கின்றன என்று 2022-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது.

இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் தொடங்கித் தம் தோட்டத்தில் முதல் பூ எது, முதல் தளிர் எது என்று தேதி போட்டு எழுதினார். அவருக்குப் பின் மகன், பேரன் என்று அந்தக் குடும்பம் 1958 வரை எழுதியது. ஒரு குடும்பத்துக்கு இருக்கக்கூடிய பைத்தியங்களில் இது மிக நல்ல பைத்தியம் எனலாம்!

அந்நாடுகளில் இது எப்படி நடக்கிறது? செர்ரி, ஆப்பிள் போன்ற மரங்கள் முந்திய கோடையிலேயே பூமொட்டுகளை உருவாக்கி மூடி வைத்துவிடுகின்றன. குளிர்காலத்தில் அவை உறங்குகின்றன. இந்த உறக்கத்துக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. முதல் பூட்டைக் குளிர்தான் திறக்கும். குறிப்பிட்ட அளவு மணி நேரம் குளிரில் கிடந்தால்தான் மொட்டு விழிக்கத் தயாராகும். இரண்டாவது பூட்டைத் திறப்பது அதன் பிறகு வரும் வெதுவெதுப்பு. பிப்ரவரியிலேயே வெப்பம் வந்துவிட்டால் மொட்டு முந்தி விரிகிறது. செய்தித்தாளில் நாம் படிப்பது இந்தக் கதைதான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. குளிர் மிகவும் குறைந்துபோனால் முதல் பூட்டே சரியாகத் திறக்காது. நம் நாட்டில் ஹிமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டக்காரர்களின் கவலை இதுதான். 'ராயல் டெலிஷியஸ்' போன்ற பழைய வகைகள் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆயிரம் மணி நேரமோ அதற்கும் மேலோ இருந்தாக வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காத ஆண்டில் மரம் தாறுமாறாகப் பூக்கும், காயும் குறையும். ஆகையால் ஆப்பிள் தோட்டங்கள் மலையில் மேலே மேலே ஏறிக் கின்னௌர், லாஹௌல் வரை போயிருக்கின்றன. குளிர் குறைந்தால் முந்தவும் முந்தும், கெடவும் கெடும். குளிர்நாட்டு மரத்துக்கே 'ஆகவே' இத்தனை சிக்கலானது.

சரி, நம் ராயபுரத்துக்குத் திரும்புவோம். இங்கே குளிர் என்று ஒன்று உண்டா? ஜனவரி மாதத்தில் சென்னையின் இரவு வெப்பநிலை சராசரியாகச் சுமார் 21 டிகிரி. வானிலைக் கணக்குத் தொடங்கிய நாள் முதல் இந்நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். 1895 டிசம்பரில் ஒரு முறை, 1905 ஜனவரியில் ஒரு முறை. கியோட்டோ செர்ரி மரத்துக்கு இதையெல்லாம் குளிர் என்று சொன்னால் அது சிரிக்கும்! நம் கொன்றைக்கும் வேம்புக்கும் புங்கனுக்கும் குளிர்ப் பூட்டு கிடையாது. அவற்றின் பூட்டு வேறு. முக்கியமாகத் தண்ணீர்.

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு மண் மெல்ல மெல்லக் காய்கிறது. மாசி பங்குனியில் மரம் என்ன செய்கிறது? இலைகளை உதிர்க்கிறது. இலைதான் மரத்தின் தண்ணீர்ச் செலவு. ஒவ்வோர் இலையும் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் வழியாக நீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. இலை போனதும் செலவு நிற்கிறது. வேர் இழுக்கும் கொஞ்சம் தண்ணீரும் தண்டில் சேருகிறது. தண்டு நீர் ஏறிப் புடைத்ததும் மொட்டுகள் விரிகின்றன. வெளியே வெயில் கொளுத்துகிறது, மண் வறண்டு கிடக்கிறது, மரமோ பூத்துக் குலுங்குகிறது! பீட்டர் ரைச், ரோல்ஃப் போர்ச்சர்ட் என்ற இருவர் மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டு வறண்ட காடுகளில் இதை ஆராய்ந்து 1984-இல் எழுதினார்கள். இலை உதிர்வதும் பூ விரிவதும் மரத்துக்குள் உள்ள நீரின் அளவைப் பொறுத்தே நடக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள்.

பகலின் நீளமும் ஒரு காரணம். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதே இல்லை. ஆனால் சில வெப்ப மண்டல மரங்கள் அரை மணி நேரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தைக்கூட உணர்ந்து ஒரே வாரத்தில் பூக்கின்றன.

மாமரத்தின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. அது குளிர்ச்சியை விரும்பும். இரவு வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கினால் கிளை நுனியில் பூங்கொத்து வரும்; இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் அதே நுனியில் இலைத்தளிர் வந்துவிடும். நம்மைப் போன்ற கடலோர ஊர்களில், தளிர் நான்கைந்து மாதம் முதிர்ந்துவிட்டால் குளிர் இல்லாமலும் பூக்கிறது. எப்படியானாலும் இதமான குளிர்காலம் மாவைத் தாமதப்படுத்தும் அல்லது பூவைக் குறைக்கும். முந்த வைப்பது அரிது. செர்ரிக்குச் சொன்ன பாடத்தை மாவுக்கு அப்படியே ஒப்பித்தால் விடை நேர் தலைகீழாகிவிடும், பார்த்தீர்களா?

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். வேரை அறுத்தால் மரம் பூக்குமா? தோட்டக்காரர்களைக் கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் மாதுளை, ஆரஞ்சு பயிரிடுவோர் சில வாரங்களுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி வேரை வெயிலில் காயப் போடுவதும் பழைய முறையில் உண்டு. இலை வாடி உதிர்ந்த பின் எருவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் மரம் ஒரே சமயத்தில் பூக்கும். 'பஹார்' என்று இதற்குப் பெயர். நம் ஊர் மல்லிகைத் தோட்டத்தில் கார்த்திகை மாதவாக்கில் கவாத்து செய்வதும் இதே இனத்து உபாயம்தான். ஆக, வேர் அறுபட்ட பக்கத்துக் கிளைகள் மட்டும் இலை உதிர்த்துப் பூத்தது நடக்கக்கூடியதே. நிச்சயம் அதுதான் காரணமா என்றால், ஒரு மரத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்ல நான் தயாராக இல்லை.

ஏனென்றால் நம் வட சென்னையில் ஒரு மரத்தின் நாட்காட்டியைக் கலைக்கக்கூடியவை ஒன்றிரண்டல்ல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு மாலை நேரத்தில் பேருந்தில் போய்ப் பாருங்கள். துறைமுகத்து உயர்கோபுர விளக்குகள் எரியத் தொடங்கினால் பல இடங்களில் இரவே இல்லை. 2016-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று, இரவில் வெளிச்சம் மிகுந்த இடங்களில் மரங்கள் ஏழரை நாள் வரை முந்தித் துளிர்க்கின்றன என்று கண்டது. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் மரங்களுக்கு யார் கணக்கெடுப்பது? அடுத்தது கடற்காற்று. அதில் வரும் உப்பு இலை ஓரங்களைக் கருக்கும். கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும், சாம்பலும் இலையின் துளைகளை மூடும். மின்கம்பிக்காகக் கிளை வெட்டுவார்கள். எங்கேயோ ஒரு குழாய் கசிந்து ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கோடை முழுவதும் தண்ணீர் கிடைக்கும்.

புயலை மறந்துவிட்டேனே! 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தப்பி நின்ற மரங்கள் பலவும் இலை இழந்து குச்சிகளாக நின்றதை உங்கள் அண்ணன் அக்காமார் பார்த்திருப்பார்கள். புயலுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஜப்பானில் 2018-இல் புயல்கள் செர்ரி மரங்களின் இலைகளைப் பறித்துக்கொண்டு போயின. அடுத்த ஏப்ரலில் பூக்க வேண்டிய மரங்கள் அக்டோபரிலேயே ஆங்காங்கே பூத்துவிட்டன. மொட்டை உறங்க வைக்கும் ஒரு ரசாயனப் பொருள் இலையிலிருந்துதான் வருகிறது. இலை போனதும் தாலாட்டுப் பாட ஆளில்லை. குளிரும் குறையவில்லை, வசந்தமும் வரவில்லை, மரம் பூத்துவிட்டது.

மழை பொய்ப்பதும் ஒரு காரணமாகலாம். 2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. அடுத்த கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அத்தகைய ஆண்டில் மண் முந்திக் காயும். மரம் முந்தி இலை உதிர்க்கும். முந்திப் பூக்கவும் கூடும். அந்த ஆண்டின் குளிர் குறைவாக இருந்தாலும் மிகுதியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இத்தனையும் சொன்னதால், பூமி சூடாகவில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. அது அளந்து கண்ட உண்மை. வெப்பம் உயர்ந்தால் ஆவியாதல் கூடும். மண் விரைவில் காயும். மழையின் காலமும் அளவும் மாறும். ஆகவே நம் மரங்களின் பூக்காலமும் மாறலாம், மாறிக்கொண்டும் இருக்கலாம். கேரளத்தில் விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை மாசியிலேயே பூத்துவிடுகிறது என்று பல ஆண்டுகளாகப் பேச்சு இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முந்தி என்கிறோமே, எதற்கு முந்தி? வழக்கமான நாள் எது?

சென்னையில் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. 1796 முதல் இங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வருகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வெப்பமானியின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் நம்மிடம் கணக்கு உண்டு. ஆனால் அதே நகரத்தில் திருவொற்றியூர் வேம்பு எந்த ஆண்டு எந்த வாரம் பூத்தது என்பதற்கு, வேப்பம்பூவை உலர்த்தி வைத்த பாட்டிமார்களின் ஞாபகம் தவிர என் பள்ளியில் ஒரு வரி இல்லை. ஞாபகம் நல்லதுதான். என் பாட்டியும் பங்குனியில் பழைய புடவையை மரத்தடியில் விரித்துப் பூச் சேர்த்தவர்தான். ஆனால் ஞாபகம் வழக்கமான ஆண்டுகளை மறந்து வினோதமான ஆண்டை மட்டும் வைத்துக்கொள்கிறது.

நம் பகுதிக்கு இது ஏன் மிகவும் முக்கியம் என்கிறேன் தெரியுமா? நம்மவர்களுக்கு உண்மையான குறைகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த மாதம் ஓடைக்கரையில் இருந்த மரங்கள் எப்படி இருந்தன, அதற்கு முந்திய மாதம் எப்படி இருந்தன? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், எதுவும் நடக்காத சாதாரண வாரங்களில் யாராவது எழுதியிருக்க வேண்டும். சேதம் நடந்த பிறகு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பயனில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளத்தால் பூத்த மரத்தைக் காட்டிப் 'பருவநிலை மாறிவிட்டது' என்று நீங்கள் கண்காட்சியில் எழுதி வைத்தால், பார்க்க வரும் ஒரு பொறியாளர் ஒரே கேள்வியில் உங்களை மடக்கிவிடுவார். பிறகு நீங்கள் சாம்பலைப் பற்றிச் சொல்லும் சரியான புகாரையும் அவர் காதில் வாங்கமாட்டார். நம் பகுதி மக்களுக்கு அந்த நஷ்டம் கட்டாது.

ஆகையால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மரக்கணக்கு நோட்டு இருக்கட்டும். அது மாணவனுடையதாக இருக்கக் கூடாது, பள்ளியினுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் பத்தாவது முடித்துப் போய்விடுவீர்கள்; நோட்டு அங்கேயே இருந்து அடுத்தவர் கைக்குப் போகும். வானிலையாளர்கள் முப்பது ஆண்டுச் சராசரியைத்தான் வழக்கம் என்று கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒருவருக்கு ஐந்து ஆண்டு. ஆறு தலைமுறை மாணவர்கள் போதும்.

எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது? திருவொற்றியூர் மாணவர்கள் உடனே மகிழ மரம் என்பீர்கள். தியாகராச சுவாமி கோயிலின் தல மரம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மரம். காய்ந்த பிறகும் மணம் விடாத அதன் பூ எனக்கும் பிரியமானதுதான். ஆனால் நம் வேலைக்கு அது உதவாது. எப்போதும் பசுமையாக இருந்து, நீண்ட காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும் மரத்தில் 'பூத்த நாள்' என்று எதைக் குறிப்பது? பூவரசும் அப்படியே, காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையில் சிவந்து சுருங்கும் அதன் பூவை ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் காணலாம். வேம்பு, புங்கன், சரக்கொன்றை, மயிற்கொன்றை ஆகியவை நல்லவை. இவை பூக்கும் காலம் தெளிவாகத் தெரியும்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் மரத்தைப் பாருங்கள். தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். 'இல்லை' என்பதை எழுதச் சோம்பல்படாதீர்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த மூன்று கொன்றைகளின் 'இல்லை'தானே எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது? கடைசியாக மழை பெய்த நாள், பள்ளம், கிளை வெட்டு, புது விளக்கு இவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரே இன மரங்கள் இரண்டாவது வேண்டும். ஒன்று கடலோரம், ஒன்று உட்புறம் என்றால் இன்னும் நல்லது. இந்த 'இல்லை, கொஞ்சம், நிறைய' முறை நான் கண்டுபிடித்ததல்ல. 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் நாடு முழுவதும் மாணவர்களும் பொதுமக்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதில் பெரும் அளவில் சேர்ந்தார்கள். அங்கே ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த குறிப்புகளைக் கொண்டு மா, பலா, புளி மூன்றின் பருவக் கணக்கு 2021-இல் 'கரன்ட் சயின்ஸ்' என்ற ஆராய்ச்சி இதழிலேயே வெளிவந்தது.

"இவ்வளவு பெரிய தொல்லைகளுக்கு நடுவே பூ எண்ணிக்கொண்டிருப்பதா?" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. அவருக்கு நான் சொன்ன பதில்: நுங்கம்பாக்கத்தில் மழையை எண்ணிக்கொண்டிருந்தவர்களும் வெள்ளத்தைத் தடுக்கவில்லை; ஆனால் எந்த வெள்ளம் பெரியது என்று இன்று நாம் பேசுவது அவர்கள் எழுதியதை வைத்துத்தான். அவர் முழுவதும் சமாதானமாகவில்லை. ஆனால் அடுத்த வாரம் தம் பள்ளி வேம்புக்கும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டார்.

எங்கள் கொன்றை நோட்டு அந்த ஜனவரியிலேயே தொடங்கியது. தெரு முனை மரம் அந்தச் சித்திரையில் வீட்டுப் பக்கக் கிளைகளில் பூத்தது. அடுத்த ஆண்டு மார்கழியும் இதமாகவே இருந்தது. மங்கி குல்லா அப்போதும் வெளியே வரவில்லை. ஆனால் தையில் அந்த மரம் பூக்கவில்லை. பங்குனி கடைசி வாரத்தில் மற்ற மூன்றோடு சேர்ந்து பூத்தது. அவ்வாண்டு ஆடி மாதத்தில் சாலையை அகலப்படுத்தினார்கள். நோட்டில் அந்த மரத்துக்கான பக்கத்தின் கடைசி வரியில், தளிர், இலை, மொட்டு, பூ, காய் ஐந்து கட்டங்களுக்கும் குறுக்காக அந்த மாணவன் 'மரம் இல்லை' என்று எழுதித் தேதி போட்டிருக்கிறான். அடுத்த பக்கத்தில் மற்ற மூன்று கொன்றைகளின் கணக்கு தொடர்கிறது.